மணி ஓயும்வரை

மே 12, 2014, திங்கள்

ஒஹாயோவிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். நெடுஞ்சாலையில் வழி தவறியவர்கள்தான். எங்கள் ஊர் வார்ட்லோவுக்கு வேறு யார் வருவார்கள். கழிவறை எங்கே என்று கேட்டு நுழைந்தவர்களை முக்கால் மணி நேரம் விடவில்லை. மியூசியமாகிவிட்ட பழைய கோர்ட் கட்டடத்தின் சாவி என் கையில் இருக்கும்வரை, உள்ளே கால் வைத்தவர்கள் கதை கேட்காமல் வெளியே போக முடியாது.

முதலில் வாசலில் சிமெண்ட் மேடைமேல் நிற்கும் இரும்புப் பெட்டகம். "இதுக்காகத்தான் ரெண்டு ஊரும் சுட்டுக்கிட்டுச்சு" என்று ஆரம்பிப்பேன். 1888. மாவட்டத்தின் தலைநகரம் நம் ஊரா, பக்கத்து ஊர் கிம்பரா என்று தகராறு. நிலப் பத்திரங்கள் எந்த ஊரில் இருக்கின்றனவோ அந்த ஊர்தான் தலைநகரம். பத்திரங்கள் இருந்த பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கிம்பர்காரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். மறித்து நின்றவன் ஏமஸ் ரீட், துணை ஷெரீப், இருபத்திரண்டு வயது. அவனைச் சுட்டவன் ஜூடா ஹேனி. சுட்டதோடு விட்டானா? உயிர் போய்க்கொண்டிருந்தவன்மேல் குனிந்து சட்டைப்பையைத் துழாவினான். அப்போதுதான் நம் ஆட்கள் அவனைப் பிடித்து, அடித்து, ஆற்றங்கரைக் காட்டன்வுட் மரத்தில் தொங்கவிட்டார்கள். மரம் போய்விட்டது, அடிக்கட்டை இருக்கிறது. ஏமஸ் விழுந்த இடத்தில், தெரு நடுவில், பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறது.

"துழாவினான்" என்னும்போது விரல்களை மடக்கிக் காட்டுவேன். அந்தப் பெண்மணி தன் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். எனக்கு ஒரு திருப்தி.

மே 20, செவ்வாய்

பள்ளிக்கூடம் போய்விட்டது.

இரண்டு ஊர்க் கூட்டத்தில் கைதூக்கி ஓட்டுப் போட்டார்கள். இரண்டு ஊர்ப் பள்ளிகளும் ஒன்றாகின்றன, கிம்பரில். நம் கட்டடத்தைப் பூட்டிவிடுவார்களாம். கால்பந்து அணி, சட்டை நிறம், பெயர், எல்லாம் போச்சு. லைல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என் மகன், பகலெல்லாம் டிராக்டர் இன்ஜினுக்கு அடியில் கிடந்துவிட்டு, சாயங்காலம் சம்பளமில்லாமல் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுப்பவன். முப்பத்துநாலு வயது ஆளின் தாடை துடிப்பதைப் பார்த்தேன்.

மேயர் கார்டன் புரூயிட் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான்: "அன்னிக்குப் பெட்டகத்தைத் தூக்க முடியல. இன்னிக்குப் பள்ளிக்கூடத்தைத் தூக்கிட்டானுங்க. பாத்துக்கிட்டு இருங்கடா."

வெளியே வந்தால் கிம்பர் வண்டிகளின் கண்ணாடிகள் எல்லாம் நொறுங்கிக் கிடந்தன. வீட்டுக்கு வந்தபின் லைலின் உள்ளங்கையில் கீறல்.

"என்னடா அது?"

"பாட்டில் உடைஞ்சுது."

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மருந்து போட்டுவிட்டேன்.

ஜூன் 7, சனி

லைலுக்கு மூக்கு உடைந்துவிட்டது. உடைத்தவன் ராய்ஸ் ஹேனி. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில், ஐஸ் பெட்டிக்கு முன்னால். முதலில் லைல்தான் கை நீட்டியிருக்கிறான். ராய்ஸுக்கும் இரண்டு பல் போச்சாம்.

சமையலறையில் முகம் முழுக்க ரத்தத்தோடு நின்ற பிள்ளையிடம் நான் கேட்ட முதல் கேள்வி: "திருப்பிக் குடுத்தியா?"

"குடுத்தேம்மா."

சரி என்றேன். என்ன தாய் நான்? ஆனால் கேட்கத்தான் தோன்றியது, பொய் எழுத மாட்டேன்.

ராய்ஸ் அந்த ஜூடா ஹேனியின் வம்சம். ஆகஸ்டு இரண்டாம் சனிக்கிழமை எங்கள் ஊர்த் திருநாளில் பழைய சண்டையை நடித்துக் காட்டும்போது அவன்தான் ஜூடா, லைல்தான் ஏமஸ். எத்தனையோ வருஷமாக ராய்ஸ் தோட்டா இல்லாமல் வெறும் வெடிமருந்தை வெடிக்கிறான், லைல் நட்சத்திரத்தின்மேல் விழுகிறான். கிம்பர்காரர்கள் பெட்டகத்தில் கயிறு கட்டி இழுப்பதுபோல் இழுத்துத் தோற்பார்கள். நான் கோர்ட் கட்டடத்து மணிக்கோபுரத்தில் ஏறி ஏமஸின் வயசுக்கு இருபத்திரண்டு தடவை மணி அடிப்பேன், ஒவ்வொரு ஓசையும் அடங்கிய பிறகு அடுத்தது. மணி ஓயும்வரை விழுந்தவனை யாரும் தொடக் கூடாது. கிம்பர்காரன் கை பட்டது ஒரு தடவை போதும் என்று அந்தக் காலத்தில் வைத்த முறை. குழந்தைகள்கூட மீறியதில்லை. மணி நின்றதும் ராய்ஸ் கை கொடுத்து லைலைத் தூக்கிவிடுவான், இரண்டு பேரும் பீர் குடிக்கப் போவார்கள். வருஷத்தில் ஒரு நாள் சிநேகம்.

இந்த வருஷம் அந்தக் கையை லைல் பிடிப்பானா?

ஜூலை 5, சனி

காட்டன்வுட் அடிக்கட்டையை எரித்துவிட்டார்கள். டீசல் ஊற்றியிருக்கிறார்கள், வாசனை இன்னும் போகவில்லை. சுதந்திர தின வாணவேடிக்கையில் ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து. பக்கத்தில் நட்டிருந்த போர்டுகூடக் கருகிவிட்டது. ராய்ஸின் முப்பாட்டன் தொங்கிய மரம். அதை எவன் எரித்திருப்பான் என்பதற்குப் பெரிய மூளை வேண்டுமா?

கார்டன் வந்து சாம்பலை உதைத்துவிட்டுப் போனான். ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தால்தான் பயம்.

ஜூலை 9, புதன்

ஹேனி பண்ணையில் நான்கு கன்றுகளைச் சுட்டுப் போட்டிருக்கிறார்கள். தலையில் இல்லை, வயிற்றில். சாக நேரம் எடுக்க வேண்டும் என்று வயிற்றில். தாய்ப்பசுக்கள் வேலியை முட்டிக் கத்திக்கொண்டே இருந்ததாகத் தபால்காரி சொன்னாள்.

லைலின் பூட்ஸ் பின்கட்டில் கிடந்தது. குழாயைத் திறந்து கழுவினேன். தண்ணீர் சிவப்பாகப் போய், பிறகு தெளிந்தது. மதியம் சாப்பிட வந்தவன் பூட்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் சுடலம்மா. சும்மா கூடப் போனேன். ஒண்ணு சாகல. அதை நான்தான்... கத்தியால." மேலே சொல்ல முடியாமல் சாப்பாட்டைத் தள்ளிவிட்டான்.

"யாரு சுட்டா?"

"விடும்மா."

விட்டுவிட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

ராய்ஸ் ஹேனி மியூசியத்துக்கே வந்துவிட்டான். என்ன தைரியம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு நின்றான்.

"அம்மா, இந்த வருஷம் கூத்து வேணாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாய்க்குத்தான் இந்த ஊரு பயப்படும்."

"ஏன், பயமா இருக்கா?"

"ஆமா. எங்க பசங்க இந்தத் தடவை கயிறு எடுத்துட்டு வரப் போறதில்ல. டிரக்கும் சங்கிலியும் கொண்டு வரானுங்க. பெட்டகத்தை நெசமாவே இழுத்துட்டுப் போகணுமாம். என் பேச்சு எடுபடல."

"கட்டையை எரிச்சது யாரு?"

கொஞ்ச நேரம் தொப்பியைச் சுற்றினான். "நான்தான். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல அதுக்கு முன்னாடி நிக்க வச்சுப் போட்டோ எடுப்பாங்க. ஹேனி பையா, நீ நடுவுல நில்லும்பாங்க. போதும்னு தோணிச்சு."

எனக்குத் தலைக்கேறியது. விழுந்தவன் பையைத் துழாவின வம்சத்துக்கு என் கட்டடத்தில் நிற்க யோக்கியதை இல்லை என்றேன். கதவைக் காட்டினேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான், கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினான்.

சங்கிலி விஷயத்தை கார்டனிடம் சொன்னேன். "வரட்டும்" என்றான். அவ்வளவுதான்.

ஆகஸ்டு 8, வெள்ளி

நாளைக்கு வேண்டிய ரத்தம் காய்ச்சினேன். சோளப் பாகு, சிவப்புச் சாயம், கொஞ்சம் கோகோ. கோகோ போட்டால்தான் கண்ணைப் பறிக்காமல் நிஜம்போல் இருக்கும். சின்னப் பையில் ஊற்றிக் கட்டி, லைலின் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டவைக்க வேண்டும். விழும்போது அவன் அறைந்து உடைப்பான்.

காலையில் ஷெரீப் ஆட்கள் ஊர் எல்லையிலேயே எல்லாத் துப்பாக்கியையும் திறந்து பார்த்துத்தான் விடுவார்களாம். நிஜத் தோட்டா ஒன்றுகூட உள்ளே வராது. அதைக் கேட்டபின்தான் எனக்கு மூச்சு வந்தது. துப்பாக்கியை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

லைல் கரண்டியை நக்கிப் பார்த்து, "இந்த வருஷம் ருசியா இருக்கு" என்றான். மூக்கு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

"நாளைக்கு ராய்ஸ் கை குடுத்தா என்ன பண்ணுவ?"

"பாக்கலாம். கன்னுக்குட்டி விஷயம் அவன்கிட்டச் சொல்லணும்மா. மனசு கேக்கல."

ஆகஸ்டு 10, ஞாயிறு

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். எழுதாவிட்டால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

டிரக் வந்தது. சொன்னமாதிரியே வந்தது. சங்கிலியைப் பெட்டகத்தில் மாட்டினார்கள். நம் ஆட்கள் மண்வெட்டிக் காம்போடு பாய்ந்தார்கள். நான் மேலே கோபுரத்தில். ஒருத்தன் மண்டை உடைந்து உட்கார்வது தெரிந்தது, இன்னொருவனைத் தரையில் போட்டு மிதிப்பது தெரிந்தது. நிறுத்தச் சொல்லி நான் கத்தினேனா? இல்லை. அடிடா என்று கத்தினேன். தொண்டை இன்னும் கம்மியிருக்கிறது.

ராய்ஸ் வழக்கம்போல் துப்பாக்கியை வெடித்தான். கூத்தைக் கூத்தாக முடித்துவிட்டால் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தானோ என்னவோ. தெரு முழுக்கப் புகை. லைல் விழவில்லை. நட்சத்திரத்தைத் தாண்டி ஓடினான், சங்கிலிக் கொக்கியைக் கழற்ற. டிரக் உறுமியது. கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்து அவன் கழுத்தைக் கிழித்ததாம்.

நான் பார்த்தது அவன் விழுந்ததை மட்டும்தான். கொக்கியைப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. என் மனசில் வந்தது என்ன தெரியுமா? மடையா, இடம் மாறி விழுந்துட்டியேடா. அதைத்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

முதல் மணி. அடங்கும்வரை காத்திருந்தேன். இரண்டாவது.

முதல் மணிக்கே அடிதடி நின்றுவிட்டது. அதுதானே முறை. மண்வெட்டிக் காம்பைக் கீழே போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, என் பிள்ளையைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். கழுத்திலிருந்து கொட்டியது எல்லார் கண்ணிலும் பட்டது. எல்லாரும் பார்த்தார்கள். பேக்கரிக்காரி சூசன் இங்கே என் காலைப் பிடித்துக்கொண்டு அழுது சொன்னாள், கார்டன் அவள் காதில் கிசுகிசுத்தானாம்: "வெர்னா இந்த வருஷம் பாகை நல்லாக் காய்ச்சியிருக்கா."

ஒருத்தன் மட்டும் ஓடி வந்தான். ராய்ஸ். வட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து முட்டி போட்டுக் குனிந்தான். சட்டையைக் கழற்றி லைலின் கழுத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினான். "இது நெசம், இது நெசம்டா, வண்டியைக் கூப்பிடுங்க" என்று கதறியிருக்கிறான். நான் மேலேயிருந்து பார்த்தேன். மணி அடிக்கும்போது ஒரு ஹேனி விழுந்தவன்மேல் கை வைக்கிறான். அதுதான் எனக்குத் தெரிந்தது. கீழே இருந்தவர்களுக்கும் அதுதான் தெரிந்தது.

முடியைப் பிடித்து இழுத்தார்கள். அவன் விடவில்லை. முதுகில் உதைத்தார்கள். விடவில்லை. கார்டன் அவன் முழங்கைமேல் பூட்ஸோடு ஏறி நின்றான், கை முறிந்தது, அப்புறம்தான் விட்டான். தள்ளிக்கொண்டு போய்ப் பெட்டகத்தோடு சேர்த்து வைத்து முகத்தில் குத்தினார்கள், ஒருத்தர் மாற்றி ஒருத்தர். ஒரு காது பாதி கிழிந்து தொங்கியது. நான் மணி அடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றைக்கூட விடாமல். ஒன்றைக்கூட வேகமாக அடிக்காமல். இருபத்திரண்டும் முடிந்தபின் கீழே பார்த்தேன், ராய்ஸைத் தேடினேன், அவன்தானே கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

லைல் எழுந்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸோடு வந்த மருத்துவ உதவியாளன், சின்னப் பையன், வெளியூர்க்காரன், என்னிடம் கேட்டான்: "யாரோ நல்லா அழுத்திப் பிடிச்சிருக்காங்கம்மா. சரியான இடம். ஏன் விட்டாங்க?"



ஆகஸ்டு 12, செவ்வாய்

லைல் போய்விட்டான். கண் திறக்கவே இல்லை.

ஆகஸ்டு 16, சனி

அடக்கம் முடிந்தது. ஊரே வந்திருந்தது. கோழி வறுவலும் உருளைக்கிழங்கு சாலட்டும் சர்ச் மேசை கொள்ளாமல்.

டிரக் ஓட்டிய பையனை உள்ளே வைத்திருக்கிறார்கள். அவனைப் பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் ஆச்சரியம். எல்லார் வாயிலும் ராய்ஸ். காபி ஊற்றிக்கொண்டே பேசுகிறார்கள், நான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"லைல் விழுந்த உடனே அந்தாளு மேல பாய்ஞ்சான் பாரு."

"கழுத்தை நெரிச்சான், நான் பாத்தேன்."

"பாட்டன் புத்தி எங்க போகும்."

ஒரு வாரம். ஒரே வாரத்தில் கை அழுத்தியது நெரித்ததாகிவிட்டது. சொன்னவர்கள் பொய்யர்கள் இல்லை. கண்ணீரோடுதான் சொல்கிறார்கள், நம்பித்தான் சொல்கிறார்கள். ஏமஸ் விழுந்த அன்றும் இப்படித்தான் யாரோ காபி ஊற்றிக்கொண்டு பேசியிருப்பார்கள்.

ஜூடா ஹேனி எதற்குக் குனிந்தான்? அவன் விரலை யார் பார்த்தார்கள்? நான் எத்தனை வருஷமாக மடக்கிக் காட்டினேன்?

செப்டம்பர் 3, புதன்

கிம்பருக்குப் போனேன். ஹேனி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் இறங்கவில்லை. அவனே வந்து கதவைத் திறந்தான், இடது கையால். வலது கை தோளிலிருந்து விரல்வரை கட்டு. இரும்புத் தகடு வைத்திருக்கிறார்களாம், இனி முழுதாக மடங்காதாம். காதில் தையல் கறுப்பாகத் தெரிந்தது.

மன்னிப்பு கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"உன்னை வெரட்டினேனே. அன்னிக்கு நீ சொன்னதைக் கேட்டிருந்தா என் புள்ள இருந்திருப்பான்."

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தான். குளிர்ந்த டீ கொடுத்தான், ஒற்றைக் கையால் ஊற்றியதில் பாதி மேசையில். நான் துடைத்தேன்.

கன்றுகளைப் பற்றிச் சொன்னேன். லைல் சொல்ல நினைத்ததை நான் சொன்னேன். தலையை ஆட்டினான். "ஒண்ணோட கழுத்து மட்டும் சுத்தமா அறுத்திருந்துச்சு. யாரோ பாவம் பாத்திருக்கான்னு நெனச்சேன். அவந்தானா."

அப்போதுதான் எனக்கு உடைந்தது. ஊளையிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கிளம்பச் சொல்லவும் இல்லை, தேற்றவும் இல்லை, உட்கார்ந்திருந்தான்.

"ஏன் குனிஞ்ச? அடிப்பாங்கன்னு தெரியும்ல? மூக்கை உடைச்ச, பல்லை உடைச்சான், அப்புறம் ஏன்டா குனிஞ்ச?"

கேள்வியே புரியாதவன்போல் என்னைப் பார்த்தான்.

"விழுந்துட்டான்லம்மா" என்றான்.

அக்டோபர் 11, சனி

கார்டன் ஒரு பித்தளைத் தகட்டோடு வந்தான். லைலுக்கும் தெருவில் நட்சத்திரம் பதிக்கப் போகிறார்களாம். செலவெல்லாம் ஊருடையது. பக்கத்துச் சுவரில் இந்தத் தகடு. நான் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஊரைக் காக்க உயிர் கொடுத்தவன் என்று இருந்தது. கடைசி வரியில், விழுந்தவன்மேல் மீண்டும் ஒரு ஹேனி கை வைத்தான் என்று இருந்தது.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான். நல்லா வந்திருக்குல்ல? சரித்திரம் திரும்புதுன்னு காட்டுது பாரு, வெர்னா."

"அவன் கையில ஏறி நின்னது யாரு?"

அவன் முகம் மாறியது. "முறையை மீறினான். நீயும் மேலதானே இருந்த. மணியை நிறுத்தினியா?"

தகட்டாலேயே அடித்தேன். புருவம் பிளந்தது. இன்னொரு தடவை ஓங்கினேன், அவன் கையால் தடுத்தான், விரல் நசுங்கிற்று. கோர்ட் தரையில் ரத்தம் சொட்டச் சொட்ட வாசல்வரை விரட்டினேன். என் வயசுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? அவன் கேட்டது உண்மை, அதனால்தான்.

பிறகு தரையைத் துடைத்தேன். கோகோ வாசனை இல்லாத ரத்தம்.

அக்டோபர் 13, திங்கள்

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் வாசல் சுவரிலிருந்த, ஏமஸைப் பற்றிய பழைய தகட்டைப் பெயர்த்துவிட்டேன். துழாவினான் என்ற வரி இருப்பது. தெருவில் ஐந்தாறு பேர் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

கார்டன் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தால் ராய்ஸின் கையை முறித்தது யார் என்று நான் சொல்வேன் என்பது அவனுக்குத் தெரியும்.

2015, மே 14, வியாழன்

கிம்பர் பள்ளி பஸ் வந்தது. மியூசியம் பார்க்க இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒன்றாக, ஒரே நிறச் சட்டையில். சண்டையிட்டுக்கொண்டுதான் இறங்கினார்கள், ஆனால் ஜன்னல் சீட்டுக்காக. இந்த வருஷம் கூத்து கிடையாது என்று ஷெரீப் எழுதியே கொடுத்துவிட்டார். பெட்டகம் அதே இடத்தில்தான் இருக்கிறது, சங்கிலி அறுத்த தடத்தோடு.

சுவரில் தகடு இருந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் நின்று கதை சொன்னேன். 1888, பெட்டகம், கிம்பர்காரர்கள் வந்தது, ஏமஸ் மறித்தது, ஜூடா சுட்டது. சுட்டது நிஜம், அதை மறைக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விரல்கள் பழக்கத்தில் தானே மடங்கப் பார்த்தன.

"அப்புறம் ஜூடா ஹேனி கீழே குனிஞ்சான்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முன்வரிசையில் பல் விழுந்த ஒரு சின்னப் பெண். எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

"எதுக்குக் குனிஞ்சான்?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அவள் விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒருத்தன் விழுந்துட்டான்ல" என்றேன்.

சரி என்பதுபோல் தலையாட்டினாள். மணியைப் பார்க்க மேலே போகலாமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். படிக்கதவு பூட்டியிருக்கிறது என்றேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது.